சேராத பச்சை

மூத்த மருமகள் தெரிந்தே சொன்ன முதல் பொய்யின் நீளம் மூன்றே வார்த்தை.

"சரியா இருக்கு மாமா."

சொல்லி முடித்தபோது குரல் பிசிறவில்லை. எட்டு மாதமாக வயிற்றுக்குள் கனன்றுகொண்டிருந்தது மட்டும் சற்றே குளிர்ந்தது. அந்த எட்டு மாதத்தைச் சொல்லிவிட்டால் மூன்று வார்த்தையின் கனம் புரிந்துவிடும்.

அடிபட்ட கார்களுக்கு ஒடுக்கெடுத்துப் பெயின்ட் அடிப்பது அந்தக் குடும்பத்தின் தொழில். தெருவைப் பார்த்துத் தகரக் கொட்டகை, அதன் முதுகோடு ஒட்டி வீடு. சமையலறை ஜன்னலைத் திறந்தால் தின்னர் நெடி, கொட்டகையில் நின்று மூச்சை இழுத்தால் வெங்காயம் வதங்கும் வாசனை. மூத்த மகன் ஒடுக்கெடுப்பான். காலையில் சுத்தியலை எடுத்தால் சாப்பாட்டுக்குத்தான் கீழே வைப்பான். பேச்சும் அப்போதுதான் வரும், அதுவும் இரண்டு வரி. இளைய மகன் பட்டி பூசி, தண்ணீரில் நனைத்த உப்புத்தாளால் தேய்த்து, மேலே பெயின்ட் அடிப்பான். இந்த இரண்டு வேலைக்கும் நடுவில் இருப்பது கலர் கலக்கும் மேஜை. அங்கே உட்கார்ந்திருப்பவர் அவர்களுடைய அப்பா. மூத்தவளுக்கும் சின்னவளுக்கும் மாமா.

பழைய காரின் ஒற்றைக் கதவுக்குப் பெயின்ட் அடிப்பது முழுக் காருக்கு அடிப்பதைவிடப் பெரிய பாடு. டப்பாவில் போட்டிருக்கும் நம்பரை நம்பிக் கலந்தால் அது புதுக் காரின் கலர். பத்து வருஷம் வெயிலில் நின்ற காரின் நிறம் அதற்கு மட்டுமே சொந்தம். சொட்டுச் சொட்டாகக் கலந்து, சின்ன அட்டையில் அடித்து, காய வைத்து, காரோடு சேர்த்துப் பிடித்து, நிழலில் ஒருமுறை, வெயிலில் ஒருமுறை பார்க்க வேண்டும். இந்த வேலையில் மாமாவுக்கு இணையாக அந்த வட்டாரத்தில் ஆள் கிடையாது.

ரெண்டு வருஷத்துக்கு முன்னால் அவருடைய கண்ணின் நடுப்பகுதி மங்கத் தொடங்கியது. ஓரத்தில் நடமாட்டம் தெரியும், நேராகப் பார்த்தால் புகை. போனது போனதுதான் என்று டாக்டர் சொல்லிவிட்டார். செய்தி வீட்டு வாசலைத் தாண்டவில்லை. கலர் பார்க்கிறவருக்குக் கண் தெரியாது என்றால் எவன் வண்டியை விடுவான்? ஒரு சொட்டு கறுப்பு என்ன செய்யும், அரைச் சொட்டு சிவப்பு என்ன செய்யும் என்பதெல்லாம் அவருக்கு மனப்பாடம். அட்டையும் காரும் எப்படி இருக்கின்றன என்று பக்கத்தில் நின்று சொல்ல ஒரு வாய்தான் தேவைப்பட்டது. மகன்கள் இருவருக்கும் தங்கள் வேலையே சரியாக இருந்ததால் மூத்தவள் போய் நின்றாள்.

அதற்கு முன்னால் அவள் இருக்கிற இடம் தெரியாமல் இருந்தவள். மேஜைக்குப் போன பிறகு நிலைமையே வேறு. "பெரியவளே, இங்க வாம்மா" என்று நாளுக்கு இருபது தடவை கூப்பிடுவார். அவள் வராமல் ஒரு டப்பா திறக்கப்படாது. சாயங்காலம் ஏழு மணி ஜெபத்துக்கும் அவளே வேதத்தைப் படித்துக் காட்டினாள். நாளுக்கு ஓர் அதிகாரம், வரிசையாக.

அவள் கலர் சொல்லும் விதம் ஒரு தினுசு. "அச்சு அசல் மாமா." "நூத்துக்கு நூறு." "உங்க கைக்கு மேல கை உண்டா?" இதைக் கேட்டால் மாமாவின் முகம் மலரும். முகம் மலர்ந்தால் அவளுக்கும் மலரும். வண்டிக்காரர்களில் சிலர் மறுபடி வரவில்லை. பெயின்ட் காய்ந்தால் கொஞ்சம் மாறத்தான் செய்யும் என்று வீட்டில் ஒரு சமாதானம் தயாராக இருந்தது.

எட்டு மாதத்துக்கு முன்னால் சின்னவள் பேறுகாலம் முடிந்து கைக்குழந்தையோடு திரும்பி வந்தாள். ஒரு நாள் மூத்தவளுக்குக் காய்ச்சல். மேஜைக்குச் சின்னவள் போனாள். மாமா அட்டையை நீட்டி எப்படி என்றார்.

"சேரல மாமா. அழுக்குத் தண்ணி ஊத்தின மாதிரி இருக்கு."

சுத்தியல் நின்றுவிட்டது. மாமாவின் முகத்துக்கு நேராக அந்த வீட்டில் யாரும் அப்படிச் சொன்னதில்லை. அவர் அட்டையைத் திருப்பித் திருப்பித் தடவினார். அப்புறம் சிரித்தார்.

"அழுக்குன்னா எந்த அழுக்கு? நீல அழுக்கா, பழுப்பு அழுக்கா?"

"பழுப்பு. வெயில்ல பாத்தா கொஞ்சம் சிவக்குது."

அன்று ஒரே கதவுக்கு ஆறு அட்டை அடித்தார்கள். ஆறாவது சேர்ந்தது. உள்ளே போர்வைக்குள் படுத்திருந்த மூத்தவளுக்கு மாமாவின் சிரிப்பு ஜன்னல் வழியாகக் கேட்டது. காய்ச்சல் மறுநாளே இறங்கிவிட்டது. இது இறங்கவில்லை.

அதற்குப் பிறகு மாமா சின்னவளையும் கலர் பார்க்கக் கூப்பிட, மூத்தவளின் காது ஒரு தராசாகிவிட்டது. இன்றைக்கு "சின்னவளே" எத்தனை, "பெரியவளே" எத்தனை? டீயை முதலில் யார் கையிலிருந்து வாங்கினார்? யார் சொன்னதற்கு "ம்" போட்டார், யார் சொன்னதற்கு "அப்படியா" என்றார்? குழந்தையைப் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டுச் சின்னவள் கொட்டகைக்குப் போகும்போது, இடுப்பில் பிள்ளையோடு நிற்கும் மூத்தவள் தன் கண்ணுக்கே சம்பளமில்லாத ஆயாவாகத் தெரிந்தாள். சின்னவள் நல்ல மாதிரியாக வேறு இருந்தாள். கெட்டவளாக இருந்தால் வெறுப்பதற்கு எவ்வளவு சௌகரியம்.

இந்த நேரத்தில்தான் பாட்டு டீச்சரின் பச்சைக் கார் வந்தது.

டீச்சர் பள்ளிக்கூடத்தில் பாட்டு சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்றவர். கார், காலமான கணவர் ஓட்டியது. கேட்டை இடித்து ஓட்டுநர் பக்கக் கதவு நசுங்கிப் போயிருந்தது. ஏற்கெனவே இரண்டு பட்டறைக்காரர்களை விரட்டிவிட்டுத்தான் இங்கே வந்திருந்தார். மற்ற மூன்று கதவையும் தொடக்கூடாது, இந்த ஒரு கதவு அந்த மூன்றோடும் சேர வேண்டும் என்று தெளிவாகச் சொல்லிவிட்டார்.

அந்தப் பச்சை ஒரு வில்லங்கமான பச்சை. நிழலில் கறுப்பு, வெளிச்சத்தில் பாசி. போதாக்குறைக்கு மூன்று நாளாக வானம் மூடியே கிடந்தது. மழையும் இல்லை, வெயிலும் இல்லை. பெயின்ட் காய நேரமாயிற்று. சின்னவள் ஒன்பது அட்டை பார்த்தாள். ஒன்பதாவதைப் பிடித்துக்கொண்டிருந்தபோது உள்ளே குழந்தை வீறிட்டது.

"இன்னும் சேரல மாமா. கிட்டத்துல வந்துடுச்சு. வந்து சொல்றேன்," என்று சொல்லிவிட்டு ஓடினாள். பெயின்ட் அடிக்கக் காற்றைத் திணிக்கும் கம்ப்ரஸர் அந்த நேரம் பார்த்து உறுமத் தொடங்கியதில் 'சேரல' என்றது மாமாவின் காதில் விழவில்லை. வாசற்படியில் நின்ற மூத்தவளுக்கு எல்லாம் விழுந்தது.

மாமா காத்திருந்தார். குழந்தை விடுவதாக இல்லை. இளைய மகன், மழை வந்துவிட்டால் இன்றைக்கு அடிக்க முடியாது என்று அவசரப்படுத்தினான்.

"பெரியவளே, நீ பாரும்மா. எப்படி இருக்கு?"

எத்தனையோ நாள் கழித்து அந்தக் குரல் அவளைத் தேடி வந்தது. அவள் அட்டையைக் கையில் வாங்கினாள். காரோடு சேர்த்துப் பிடித்தாள். மூன்று வார்த்தை சொன்னாள்.

மறுநாள் காலை வானம் துடைத்துவிட்டது போல வெளுத்தது. காரைத் தெருவுக்குத் தள்ளினார்கள். வெயில் பட்டதுதான் தாமதம், மூன்று கதவும் ஒரு வீட்டுப் பிள்ளைகளாகவும் நாலாவது கதவு விருந்தாளியாகவும் நின்றன. பெயின்ட் வேலை தெரியாத பால்காரர்கூட சைக்கிளை நிறுத்திப் பார்த்துவிட்டுப் போனார்.

டீச்சர் காரை ஒரு சுற்று சுற்றி வந்தார்.

"இந்தக் கதவை எந்த வண்டியிலேருந்து கழட்டினீங்க?"

 நாளை மறுநாள் வருவதாகவும், அன்றைக்கும் இப்படியே இருந்தால் காரை எடுத்துக்கொண்டு போய்விடுவதாகவும், போகும் வழியில் பார்ப்பவர்களிடமெல்லாம் காட்டுவதாகவும் அமைதியாகச் சொல்லிவிட்டு டீச்சர் போனார்.

மாமா ஸ்டூலில் உட்கார்ந்தார். சின்னவளைக் கூப்பிட்டுக் கேட்டார். நான் சரி என்று சொல்லவே இல்லை, இன்னும் சேரவில்லை, வந்து சொல்கிறேன் என்றுதான் போனேன் என்றாள் அவள். அப்போது எல்லோர் பார்வையும் மூத்தவள் பக்கம் திரும்பியது. இரண்டாவது பொய் முதல் பொய்யைவிட நீளமாக, வழுவழுவென்று வந்தது.

"என்கிட்ட சொல்லிட்டுப் போனியே சின்னவளே? 'சரியாயிடுச்சு அக்கா, அடிச்சிடலாம்'னு. அதை நம்பித்தான் நான் மாமாகிட்ட சொன்னேன். குழந்தை அழுத அவசரத்துல மறந்திருப்ப. பரவாயில்ல, யாருக்கும் வர்றதுதான்."

அந்தப் 'பரவாயில்ல' இருக்கிறதே, பெயின்ட்டுக்கு மேலே அடிக்கும் பளபளப்புப் பூச்சு மாதிரி. பொய்க்கு ஒரு மினுக்கம் கொடுத்துவிட்டது.

சின்னவள் அவளையே பார்த்தாள். 

"நான் சொல்லல அக்கா. அதுக்கு மேல என்கிட்ட வார்த்தை இல்ல."

மாமா மூத்தவளின் ரெண்டு வருஷத்தையும் சின்னவளின் எட்டு மாதத்தையும் மனசுக்குள் நிறுத்துப் பார்த்திருக்க வேண்டும். கடைசியில், கைக்குழந்தையை வைத்துக்கொண்டு இந்த வேலை தோதுப்படாது, இனிமேல் பெரியவளே பார்க்கட்டும் என்றார். சின்னவள் தலையாட்டிவிட்டு உள்ளே போனாள். அவள் புருஷன் ஸ்ப்ரே கன்னைக் கழுவாமல் அப்படியே வைத்தான். அப்பாவிடம் நேராகச் சொல்லிவிட்டான்: தன் மனைவி பொய் சொல்லுகிறவள் என்று பேரெடுத்த வீட்டில் இனி சாப்பாடு இறங்காது, ஊருக்கு அந்தப் பக்கம் வேறொரு பட்டறையில் தன்னை ரொம்ப நாளாகக் கூப்பிடுகிறார்கள், வார முடிவில் கிளம்புகிறோம்.

மூத்தவள் கேட்டது கிடைத்துவிட்டது. அன்று முழுக்க 'பெரியவளே' மட்டும்தான். அவள் எண்ணவே வேண்டியிருக்கவில்லை. ஆனால் ஒவ்வொரு முறை கேட்கும்போதும், பின்னறையில் பெட்டியை இழுக்கிற சத்தமும் கூடவே கேட்டது.

சாயங்காலம் ஏழு மணி. பாயில் மாமா, மூத்த மகன், அவள். சின்னவர்கள் வரவில்லை. முந்தின நாள் விட்ட இடத்தில் புத்தகத்தைத் திறந்தாள். மலையிலிருந்து பத்துக் கட்டளைகள் வரும் அதிகாரம். அவள் வேண்டுமென்று தேடி எடுத்ததல்ல, வரிசையில் வந்தது. படித்துக்கொண்டே போனாள். களவு செய்யாதே என்பது வரை சரளமாக வந்தது. அடுத்தது, பிறன்மேல் பொய்ச்சாட்சி சொல்லாதே. கண் அதைப் பார்த்தது. நாக்கு அதைத் தாண்டி, பிறன் பொருளுக்கு ஆசைப்படாதே என்பதில் போய் விழுந்தது. அதுவும் சுட்டது. ஆனால் நின்றுவிட்டால் தெரிந்துவிடும்.

முடித்தாள். மாமா விரலை மடக்கிக்கொண்டிருந்தார்.

"ஒன்பதுதான் வந்துது."

"வரி தவறிடுச்சு மாமா."

"வெளிச்சம் பத்தலையோ?"

"ஆமா மாமா."

விளக்கு அவள் தலைக்கு நேர் மேலே எரிந்துகொண்டிருந்தது. மூத்த மகன் விளக்கைப் பார்த்தான், அவளைப் பார்த்தான், எழுந்து கை கழுவப் போனான். சாப்பிடும்போது அவனுடைய ரெண்டு வரி வந்தது.

"இருபது வருஷமா தகரத்தைத் தட்டுறேன். மேல எவ்வளவு பட்டி பூசினாலும், உள்ள ஒடுக்கு இருந்தா விரல் வெச்சாத் தெரிஞ்சிடும்."

அவள் குழம்பு ஊற்றினாள். 

மறுநாள் கதவைத் தேய்த்துப் பழைய பச்சையை எடுத்தார்கள். இளையவன் கடமைக்கு வந்து தேய்த்துவிட்டு, முகம் கொடுக்காமல் போனான். பச்சைத் தண்ணீர் கொட்டகைத் தரையில் ஓடி வாசல் வரைக்கும் போயிற்று. மாமா புதிதாகக் கலந்தார். அட்டை அடித்தார். காய்ந்ததும் அவளிடம் நீட்டினார்.

"சொல்லும்மா."

அவள் பார்த்தாள். வழக்கமாக என்ன செய்வாளோ அதைத்தான் செய்தாள். அப்போதுதான் அவளுக்கே விளங்கியது, அவள் பார்த்தது அட்டையை அல்ல. மாமாவின் முகத்தை. ரெண்டு வருஷமாக அவள் அங்கேதான் கலர் பார்த்துக்கொண்டிருந்தாள். புருவம் தளர்ந்திருந்தால் 'அச்சு அசல்'. நெற்றி சுருங்கியிருந்தால் 'ஒரு துளி குறையுது'. அவருக்கு என்ன பதில் பிடிக்கும் என்று படித்து, அதையே அவரிடம் திருப்பிக் கொடுத்தாள்.

இன்று அந்த முகத்தில் படிக்க ஒன்றும் இல்லை. சின்ன மகன் பிரிந்து போகிற வீட்டின் அப்பா முகம் அது. கழுவித் துடைத்த தட்டு போல இருந்தது.

அவள் அட்டையைப் பார்த்தாள். காரைப் பார்த்தாள். வெயிலுக்கு நடந்தாள், நிழலுக்கு வந்தாள். வித்தியாசம் இருக்கிறது என்பது தெரிந்தது. என்ன வித்தியாசம்? நீலமா, மஞ்சளா, கறுப்பா? சின்னவள் எதைப் பார்த்துப் பழுப்பு அழுக்கு என்றாள்? இது தனக்கு வராது என்று தெரிந்ததுமே பழைய பொறாமை இன்னொரு பக்கமாகத் திரும்பிக் குத்தியது. சின்னவள் இடத்தைப் பிடுங்கியாகிவிட்டது. அவள் கண்ணைப் பிடுங்க முடியவில்லையே.

"சொல்லும்மா," என்றார் மாமா மறுபடி. "சரியா இருக்கா?"

மூன்று வார்த்தை நாக்கின் நுனியில் நின்றது. சொன்னால் நாளைக்கு டீச்சர். அதற்கு மறுநாள் காலியான பின்னறை.

"தெரியல மாமா."

"என்ன தெரியல?"

"என்ன குறையுதுன்னு எனக்குத் தெரியல. எனக்கு எப்பவுமே தெரிஞ்சதில்ல."

சுத்தியல் நின்றது. மாமா முகத்தைச் சற்றுத் திருப்பி, கண்ணோரத்தால் அவளைப் பிடிக்கப் பார்த்தார்.

"அப்ப அன்னிக்கு?"

"சின்னவ என்கிட்ட ஒண்ணும் சொல்லிட்டுப் போகல. சேரலன்னு உங்ககிட்ட சொன்னா, கம்ப்ரஸர் சத்தத்துல உங்களுக்குக் கேக்கல. எனக்குக் கேட்டுது." அட்டையை மேஜையில் வைத்தாள். "நீங்க அவளையே கூப்பிடுறீங்க மாமா. என்னால தாங்க முடியல."

 திட்டுவார் என்று காத்திருந்தாள். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். மாமா அட்டையை விரலால் தடவிக்கொண்டே, அச்சு அசல் என்று அவள் சொன்னபோதெல்லாம் தனக்கும் உள்ளுக்குள் சந்தேகம் இருந்தது என்றார். கேட்க இனிப்பாக இருந்ததால் தோண்டவில்லை என்றார். அப்புறம் குரல் இறுகியது.

"என்கிட்ட சொல்லிட்ட. இது பாதிதான். யார் மேல சொன்னியோ அவகிட்ட போய்ச் சொல்லு."

கொட்டகையிலிருந்து பின்னறைக்குப் பதினைந்து அடி தூரம் இருக்கும். சின்னவள் குழந்தையின் துணிகளை மடித்துக்கொண்டிருந்தாள். புருஷன் பெட்டியின் மேல் உட்கார்ந்து பூட்ட முயன்றுகொண்டிருந்தான். மூத்தவள் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு, சொன்னதையெல்லாம் இன்னொரு தடவை சொன்னாள். இரண்டாம் தடவை சொல்வது சுலபமாக இருக்கும் என்று நினைத்தது தப்பு.

சின்னவள் மடிப்பதை நிறுத்தவில்லை.

"நாலு பேருக்கு முன்னாடி என் வாயில இல்லாத வார்த்தையை வெச்சீங்க. 'பரவாயில்ல'ன்னு வேற சொன்னீங்க. பொய்யைக்கூட மறந்துடுவேன் அக்கா. அந்தப் பரவாயில்லதான் ராத்திரியெல்லாம் குத்துச்சு."

"தப்புதான்."

"ஏன் அப்படிப் பண்ணீங்க? நான் உங்களுக்கு என்ன கெடுதல் செஞ்சேன்?"

"ஒண்ணும் செய்யல. நீ நல்லாப் பாக்குற. அதான்."

இளையவன் ஏதோ சொல்ல வாயெடுத்தான். சின்னவள் கையைக் காட்டி நிறுத்தினாள். குழந்தையைத் தூக்கினாள். வழக்கம்போல மூத்தவள் கையை நீட்டினாள். சின்னவள் ஒரு நிமிஷம் யோசித்துவிட்டு, குழந்தையைப் புருஷனிடம் கொடுத்துவிட்டுக் கொட்டகைக்கு நடந்தாள். நீட்டிய கையை என்ன செய்வதென்று தெரியாமல் மூத்தவள் முந்தானையில் துடைத்துக்கொண்டாள்.

அன்று பதினோரு அட்டை போயிற்று. இளையவன் பெட்டியைத் திறக்கவுமில்லை, பூட்டவுமில்லை. இந்த ஒரு கதவை முடித்துவிட்டு யோசிக்கிறேன் என்று அண்ணனிடம் சொன்னான். 

சொன்னபடி டீச்சர் வந்தார். அவர் காரைப் பார்க்கும் முன்பே மாமா எழுந்து முன்னால் வந்தார்.

"டீச்சர், ஒரு விஷயம். எனக்குக் கண்ணு தெரியாது. ரெண்டு வருஷமாச்சு. யார்கிட்டயும் சொல்லல. இப்ப கலர் பாத்தது என் சின்ன மருமக. இஷ்டமில்லன்னா வண்டியை எடுத்துட்டுப் போகலாம்."

டீச்சர் கைப்பையை மாற்றிப் பிடித்தார்.

"எனக்குத் தெரியுமே. போன தடவை நான் வணக்கம் சொன்னப்போ நீங்க அந்தத் தூணுக்குத் திருப்பிச் சொன்னீங்க. சங்கடமா இருக்குமேன்னு பேசாம இருந்தேன்."

மூத்த மகன் முதல் தடவையாக வேலை நேரத்தில் சிரித்தான்.

காரைத் தெருவுக்குத் தள்ளினார்கள். நல்ல வெயில். டீச்சர் ஒரு கதவிலிருந்து அடுத்த கதவுக்குக் கையை வைத்துக்கொண்டே நடந்தார். சின்னவள் ஒதுங்கி நின்றாள். தன் வேலையைத் தானே பார்த்துச் சொல்ல அவளுக்கு விருப்பமில்லை போலிருந்தது. மாமா வெயிலில் கண்ணை இடுக்கிக்கொண்டு, எப்படி இருக்கிறது என்று பொதுவாகக் கேட்டார். அப்புறம், "பெரியவளே" என்றார்.

மூத்தவள் அவர் முகத்தைப் பார்க்கவில்லை. தெருவில் இறங்கிக் காரின் பக்கத்தில் போய் நின்றாள். குனிந்து பார்த்தாள், எட்டி நின்று பார்த்தாள். எது புதுக் கதவு, எது பழைய கதவு என்று ஒரு குறை கண்டுபிடிக்க மனசு அலைந்தது. ஒரு மயிரிழை கிடைத்தால் போதும். கிடைக்கவில்லை. நாலு கதவும் ஒரே பச்சையாக வெயிலில் மின்னின.

"என்னம்மா?"

"வயிறு எரியுது மாமா," என்றாள் அவள். "ஆனா கலர் சேர்ந்துடுச்சு."